ஆயிப்போச்சு என்று சொல்லாதவர்

என் மகளுக்கு ஐந்து வயதில் இடது காதில் ஆபரேஷன் செய்தார்கள். சீழ் எலும்பு வரை போயிருந்தது. மயக்கம் தெளிந்து அவள் அழுதபோது முகத்தின் வலது பாதி மட்டும்தான் அழுதது. இடது கண் மூடவே இல்லை.

"வீக்கமுங்க. இப்படி ஆகறதுதான், சரியாப்போயிரும்" என்றார் நர்ஸ். நம்பிக்கொண்டே, அந்தக் கண் மூடுகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டாக்டர் தனியாக வந்தார். கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். மதுக்கரை சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த என் கணவர் சுவரோரம் நின்றார்.

"முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குள்ளதான் ஓடுதுங்க. எலும்பைக் குடையறப்ப அதை வெட்டிப்போட்டேன். நோயினால வந்ததில்லைங்க, என் கையால ஆனது. அப்பவே சேர்த்துத் தைச்சிருக்கேன். பாதிதான் திரும்பும். முழுசா வருமுன்னு சொன்னா அது பொய்யுங்க."

"நேத்தே ஏனுங்க சொல்லலை?" என்றார் என் கணவர்.

"தைரியம் வரலீங்க. அதுவும் என் தப்புதான்."

"உங்க புள்ளைக்கு இப்படி ஆகியிருந்தா?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் என் கணவர் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பால் பொங்கி வழிந்தாலும் சரி, கல்யாணம் முறிந்தாலும் சரி, 'ஆயிப்போச்சு' என்றுதான் நாங்கள் சொல்வோம். 'செஞ்சுபோட்டேன்' என்று ஒரு பெரிய மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"டாக்டருங்க, ரெண்டு மாசமாத்தான் சீழ் வருதுன்னு நான் சொன்னது பொய்யுங்க. ஒரு வருசம். பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை ஊத்தி ஊத்திப் பார்த்தேன். அதனாலதானுங்களா?"

"சீக்கிரம் வந்திருந்தா ஆபரேஷன் சின்னதா முடிஞ்சிருக்கலாம். அதை இல்லைங்கமாட்டேன். ஆனா நரம்பை வெட்டினது நானுங்க, அம்மணி. அதை நீங்க எடுத்துக்காதீங்க."

அவர் சொன்னதில் முதல் பாதி மட்டுமே என்னோடு வீட்டுக்கு வந்தது.

பஸ்ஸில் யாராவது "புள்ளைக்குப் பொறந்ததுல இருந்தே இப்படிங்களா?" என்று கேட்பார்கள். "ஆயிப்போச்சுங்க" என்பேன். பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும் நாள். கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தை விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கு ஏம்மா இந்தப் பக்கம் சிரிக்கமாட்டேங்குது?"

'ஆயிப்போச்சு கண்ணு' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"டாக்டர் தெரியாம ஒரு நரம்பை வெட்டிப்போட்டாரு கண்ணு. அதுக்கு முன்னால, உன்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு அம்மா லேட் பண்ணிப்போட்டேன்."

விரலைக் கன்னத்திலிருந்து எடுத்தாள்.

"வலிக்குதுன்னு அப்ப நான் சொன்னனாம்மா?"

"சொன்னே கண்ணு" என்றேன்.