முயல்மசாலைக் குளிப்பாட்டிய கதை

முயல்மசால் இலையில் வந்த கரும்புள்ளியைத் துறைமுகத்துக் கரித்தூள் என்று நம்பியவன் நான். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இன்று காலை ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்த துணி அதே கரித்தூளில் கருத்துப்போனதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. என் மனைவி செல்வியின் ஆடுகளுக்காக அதில் முயல்மசால் போட்டிருந்தோம். பயறு வகைத் தீவனம். மஞ்சளாய்ப் பொடிப்பூ பூக்கும். அறுக்கும்போது எழும் பச்சை வாசனைக்கே ஆடுகள் கத்தும். ஒரே ரகம், கயிறு பிடித்த வரிசை. அந்த ஒழுங்கில் எனக்கு ஏகப் பெருமை.

ஒரு மழை முடிந்ததும் இலையெல்லாம் புள்ளி.

"ஏளா, கப்பல்ல நிலக்கரி எறக்குதாம்லா, அந்தத் தூசிதான் இது" என்று சொல்லிவிட்டு, கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு சாயங்காலந்தோறும் செடி செடியாகக் குளிப்பாட்டினேன்.

"அப்படியே தலையத் துவட்டி, பவுடரும் போட்டு விடுங்க" என்றாள் செல்வி.

எச்சில் தொட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தேன். புள்ளி போகவில்லை, தண்டு கருகிச் செடிகள் சாய்ந்தன. அது பூஞ்சை நோயாம். தண்ணீர் தெறிக்கத் தெறிக்கப் பரவுமாம். தெறிக்கவிட்ட மகான் யார்?

"தீவனம் இல்லன்னா ஆட்ட எட்டயபுரத்துக்கு, எங்க அண்ணன் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருவேன்" என்றாள். ஆட்டோடு அவளும் அங்கேயே தங்கிவிட்டால்? விதைக்கடைக்கு ஓடினேன். பழைய ரகம் தீர்ந்திருந்தது. கடைக்காரர் மூட்டைகளின் அடியில் கிடந்த நாலைந்து ரகங்களை ஒரே சாக்கில் கொட்டினார்.

"என்ன அண்ணாச்சி, கலப்படமா?"

"இதான் வே இருக்கு. வேண்டாம்னா அடுத்த மழைக்கு வாரும்."

முளைத்தது சந்தைக் கூட்டம். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று தரையில் படுத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் யாராவது வந்தால் நான் வேறு பக்கம் திரும்பி நிற்பேன்.

மறு மழைக்கும் புள்ளி வந்தது. பதறிப்போய், பழைய புத்தியில் தெளிப்பானைத் தேடினேன். செல்வி ஒளித்து வைத்துவிட்டாள். ஒரு செடி கருகியது, ஒட்டி நின்ற செடி அசையவில்லை. முன்பு அந்த நோய்க்கு வரிசை நெடுகப் பிடித்த சாப்பாட்டுப் பந்தி. இப்போது அடுத்த இலையில் அதற்கு ஆகாத பண்டம். அங்கங்கே கொறித்துவிட்டு நின்றுபோனது.

"பவுடர் போடாமலே லெச்சணமாத்தான் இருக்கு" என்றாள்.

இன்று அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள், கயிறு பிடித்த வரிசையில். பச்சை வாசனையும் இல்லை, கத்துவதற்கு ஆடுகளும் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: நான் கழுவிய பயிர் செத்தது, கலந்து முளைத்தது பிழைத்தது. அன்று ஆடுகள் எட்டயபுரம் போகவில்லை. செல்வியும்தான்.