ஸ்வெனிஹோரோத்துக்கு வழி தவறி வந்த ரொட்டி

தெக்லா வருஷத்தில் பத்து மாதம் கூட்டுப்பண்ணையில் பால் கறந்தாள். மீதி இரண்டு மாதம், கோட்டைமேட்டைத் தோண்ட வருகிறவர்களுக்கு ஓட்டுச்சில்லு கழுவிக்கொடுத்தாள். ஸ்வெனிஹோரோத் ஒரு காலத்தில் அரசர் குடியிருந்த நகரம். எதிரிப்படை கொளுத்திவிட்டுப் போனபின், சதுப்பும் வாத்துகளுமாகச் சுருங்கிக் கிராமமாகிவிட்டது. ஆனால் அந்தக் கறுத்த சேறு எதையும் அழுகவிடாது. எழுநூறு வருஷத்துச் செருப்பு நேற்றுக் கழற்றிப் போட்டது மாதிரி மேலே வரும். அதைக் கழுவினால் தன் உள்ளங்கை சூடாகிறது என்பாள் தெக்லா. உள்ளே கால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதாம்.

இதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு என்று தோண்ட வந்தவர்கள் சொன்ன நாளிலிருந்து அவளுக்குப் பகலிலும் கனவு. தினீஸ்தர் ஆற்றங்கரையில் ஒன்று, புல்வெளிப் பக்கம் ஒன்று, வடக்கே காட்டுக்குள் ஒன்று. யார் பெயரை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் படித்தவர்களுக்கே தகராறு. தெக்லாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஊர்கள் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தங்கைகள் ஆளுக்கொரு கொள்ளி நெருப்பை எடுத்துக்கொண்டு புறப்பட, மூத்தவள் மட்டும் தாயோடு தங்கிவிட்டாள். முப்பத்தெட்டு வயதில் தெக்லா தங்கியிருந்ததுபோல.

ஓர் இலையுதிர்கால மத்தியானம், பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவர்கள் வேலியோரம் இருமிக்கொண்டே நின்றது. பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒனூஃப்ரி, தேனீ வளர்ப்பவன், காது சிவந்தவன். பேச வந்தவர் அவன் தாய்மாமன் புரோகிப். கொண்டுவந்த ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, வழக்கப்படி கதையை ஆரம்பித்தார்.

"நாங்க வேட்டைக்காரங்க. எங்க இளவரசர் ஒரு பொன்னிற நரியைத் துரத்திக்கிட்டு வந்தாரு. தடம் உங்க முற்றத்துல வந்து..."

தெக்லாவின் அம்மா யவ்தோகா இருபது வருஷமாக இந்தக் கதைக்காகக் காத்திருந்தவள். நரி வந்து நிற்பதற்குள் ரொட்டியை இரண்டாக வெட்டிவிட்டாள். வெட்டினால் சம்மதம் என்று அர்த்தம்.

"கையில இவ்வளவு வேகம் நான் பார்த்ததில்ல, அம்மா," என்றார் புரோகிப். "மூணாவது வீடு, செம்பழப் புதர், தாயும் மகளும். சொன்ன அடையாளமெல்லாம் சரியா இருக்கு. ஆத்தைத்தான் எங்கேயும் காணோம். தினீஸ்தரை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

தெக்லாவுக்குப் புரிந்துவிட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். இது ஆற்றங்கரைத் தங்கை ஊருக்குப் போகவேண்டிய ரொட்டி. வாயை மூடிக்கொண்டால் போதும், சம்மதத்தை உறுதிசெய்யும் பூவேலைத் துண்டை எடுத்து அவர் தோளில் கட்டிவிடலாம். அம்மா அதற்குள் பெட்டியைத் திறந்தாயிற்று.

"இது அந்த ஊர் இல்ல, ஐயா," என்றாள் தெக்லா. "அது தெற்கே, அரை நாள் தூரம்."

"உன் நாக்குல தேனீ கொட்ட," என்றாள் யவ்தோகா.

புரோகிப் வெட்டிய ரொட்டியையே பார்த்தார். "இதைத் தூக்கிக்கிட்டு இன்னொரு வீட்டுப் படி ஏற முடியாதே. நீயே ஒரு பூசணிக்காயைக் குடுத்துடும்மா. வேண்டாம்னு சொன்னதா ஆயிடும், முறைப்படி திரும்பிடறோம்."

தெக்லா தோட்டத்துக்குப் போனாள். கைக்கு அடங்கியவை ஒரு டஜன் கிடந்தன. அவளோ, கன்றுக்குட்டி அளவுள்ள ஒன்றை உருட்டப் பார்த்தாள். உதவிக்கு ஒனூஃப்ரி வந்தான்.

"அந்த ஊருக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"தினமும். அங்கே ஆறு ஊரைக் கட்டிப்பிடிச்சிருக்கும். அந்தி நேரத்துல, தண்ணிக்கடியில மணி அடிக்கும். நீங்க கேட்கப் போற பொண்ணு பாதி துணி துவைச்சுட்டுக் கேட்டுக்கிட்டே நிப்பா."

"வண்டியில போவீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்."

அவன் பூசணிக்காயின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். "அவளை நான் பார்த்ததே இல்ல," என்றான். "இனிமே பார்த்தாலும், நீங்க சொன்ன மாதிரிதான் தெரிவா."

இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். புரோகிப் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரும் பிடிச்சிருந்தா யாரு யாருக்குக் குடுத்ததா அர்த்தம்? கீழே வைங்கடா."

யாரும் வைக்கவில்லை.

மறுநாள் பூசணிக்காய் பக்கவண்டியில் உட்கார்ந்தது. அந்த ஊர்ப் பெண் கையால் அதை வாங்கினால்தான் ஒனூஃப்ரி முறைப்படி விடுபடுவான். ஒனூஃப்ரிக்குப் பின்னால் தெக்லா உட்கார்ந்தாள். புரோகிப்புக்கு இடமில்லை, யவ்தோகாவின் அடுப்பருகே மிச்ச ரொட்டியோடு தங்கிவிட்டார். ஆற்றங்கரை ஸ்வெனிஹோரோத்தில், மூன்றாவது வீட்டில், ஈரக்கையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். விஷயத்தை முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் பார்க்காத ஆளுக்கு நான் பூசணிக்காய் குடுக்கணுமா? அதையும் நீங்களே கொண்டுவந்திருக்கீங்க. சரி, பிடிங்க அண்ணா, போயிட்டு வாங்க." முறைப்படி கொடுத்தாள். பிறகு தெக்லாவைப் பார்த்து, "உள்ளே வாக்கா, கஞ்சி சூடா இருக்கு," என்றாள்.

தெக்லா உடனே போகவில்லை. கனவில் ஆறு எப்போதும் இடப்பக்கம்தான் ஓடும். இங்கே வலப்பக்கம் ஓடியது. ஊர் தூக்கத்தில் புரண்டு படுத்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, மணிச்சத்தத்துக்காகக் காதைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தாள். ஒனூஃப்ரியும் பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி சாய்த்தான்.