ஓவசியர் தியாகலிங்கமும் ஏரம்பர் வீட்டு வாங்கும்

கட்டிட வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர் தியாகலிங்கம் நல்ல மனுசன்தான், சனி நாக்கிலேதான். பாரம் வைத்தால் பலகை எப்படி வளையும் என்று தொடங்கினால் நிறுத்தமாட்டான். பெண் பார்க்கப் போன இடங்களிலும் அதையே கதைத்து, இரண்டு சம்பந்தம் குழம்பிப்போனது. மூன்றாவதாகச் சண்டிலிப்பாய்க்குப் போனபோது, தரகர் இராசநாயகம் வழியெல்லாம் கெஞ்சினார்.

"தம்பி, தேத்தண்ணியைக் குடி, சிரி. பலகையைப் பற்றி மட்டும் கதையாதை."

"ஓம் அண்ணை."

பெண் பத்மாசினியின் படத்தைப் பார்த்த நாள் முதல் அவனுக்கு நித்திரை இல்லை. இவளும் தவறினால் இனிக் கலியாணமே வேண்டாம் என்றிருந்தான்.

ஆனால் அந்த வீட்டு விறாந்தையில் ஆட்கள் இருக்கிற நீள வாங்கு ஒன்று கிடந்ததே, என்ன செய்வது! சுவரோரம் கால்களைச் சீமெந்தில் புதைத்திருந்தார்கள். மெல்லிய நீளப் பலகை, கால்களுக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் ஏரம்பர் நடுவிலே பொத்தென்று இருந்தார். நடு தாழ, நுனி கிளம்பியது. தியாகலிங்கத்தின் கை தானாகப் பென்சிலை எடுத்து, கிளம்பிய நுனிக்கு நேரே சுவரில் கோடு போட்டது. தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா, நீங்கள் நடுவிலை இருக்க நுனி எவ்வளவு கிளம்பினதோ, உங்கடை பாரமுள்ள ஆள் நுனியிலை இருந்தால் நடுவும் அவ்வளவுதான் கிளம்பும். மயிரிழையும் பிசகாது!"

"என்ரை பாரத்துக்கு ஆளுக்கு எங்கை போறது?"

"ஏன், மாமி நிக்கிறாதானே!"

பாவி! கதவடியில் நின்ற பெண்ணின் தாய் மகாதேவியின் முகம் கறுத்தது. தான் மெலிவு என்று ஊரிலே நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

"இவரும் நானும் ஒரு பாரமோ? இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! நான் இருந்து காட்டுறன். ரெண்டும் ஒண்டாய் வந்துதோ, உமக்கு இந்த வீட்டிலை பொம்பிளை இல்லை!"

ஏரம்பர் எழும்ப, தியாகலிங்கம் வெறும் பலகையின் மட்டத்தையும் சுவரில் குறித்தபின், மகாதேவி நுனியில் இருந்தாள். நடு கிளம்பியது. தியாகலிங்கம் அளவு பார்க்க அடிமட்டத்தை வைத்தான். ஏரம்பர் இருந்தபோது நுனி கிளம்பியது கால் அங்குலம். இப்போது நடுவிலும் அச்சொட்டாகக் கால் அங்குலம்! வாழ்நாளில் இவ்வளவு துப்புரவாக ஒரு கணக்கு வந்ததில்லை. கூத்தாட வேணும் போலிருந்தது. அடிமட்டத்தை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்தான். தேத்தண்ணித் தட்டோடு பத்மாசினி பின்னால் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"பாதிதான், மாமி," என்றான். "நீங்கள் மாமாவிலை அரைவாசிதான்."

"நான் சொன்னனானெல்லே!" மகாதேவிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பெடியன் தங்கம். பிழையெண்டால் ஒத்துக்கொள்ளுறான்."

ஆவணியில் கலியாணம் நடந்தது. மணவறையில் பத்மாசினி மெல்லக் குனிந்தாள்.

"அண்டைக்கு ரெண்டும் ஒரே அளவுதானே?"

அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. "நீர் பார்த்தனீரோ?"

"பார்த்தனான். உந்தப் பலகையை விட உங்களுக்கு நான் பெரிசெண்டு அப்பதான் தெரிஞ்சுது. அதுதான் ஓமெண்டனான்."