கேட்ட இடத்திலேயே பதில்

என் தம்பிக்கு இரண்டு மணிக்கட்டும் ஒரே நாளில் உடைந்தன. அலுவலக மாடிப்படியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டே இறங்கியவன் கால் தவறி விழுந்திருக்கிறான். கடைசி நொடியில் அதைக் கைவிட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஊன்றினான். முழங்கை வரை மாவுக்கட்டு. நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள், ஆயுசில் பாதியை அந்த வேலையில் கழித்தவள். ஓய்வு பெற்ற பிறகு சொந்தத் தம்பிக்குப் பல் துலக்கிவிட வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை என்பான். நாங்கள் ஞாபகப்படுத்தியே தொண்டை வற்றிப் போனோம். வீட்டில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, நீளமான ஒரு மேசை. மேசைமேல் மூடி கழற்றிய கணினி ஒன்று. அதன் வயிற்றிலிருந்து கம்பிகள் வெளியே வந்து வரிசையாகக் கிடக்கும் டிஸ்க்குகளில் போய் முடியும். தூசி தட்டப் போனேன். “அக்கா, அதுல மட்டும் கைய வைக்காத” என்று கட்டிலிலிருந்து கத்தினான். நான் குளியலறைக்குப் போய் அவன் கட்டுகளில் மாட்ட பிளாஸ்டிக் பை தேடினேன்.

அவன் என்ன வேலை செய்கிறான் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் இன்றுவரை ‘கம்ப்யூட்டர் ரிப்பேர்’ என்றுதான் சொல்வார். அந்த வாரம்தான் எனக்கே தெரிந்தது. வேறு வழியில்லை, அவனுக்குக் கையாக இருந்தது நான்.

கணினியில் நாம் ஒரு படத்தைத் திறக்கிறோம். படம் டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கிடம் போய்க் கேட்டு வாங்கி வருவது கெர்னல். இயங்குதளத்தின் அடியில் உட்கார்ந்து எல்லாச் சாதனங்களையும் மேய்ப்பது அதுதான். கேட்பதற்கு முன் அது நினைவகத்தில் ஒரு சின்னப் பதிவு போட்டுக்கொள்ளும். படிப்பதா எழுதுவதா, டிஸ்க்கில் எந்த இடம், எவ்வளவு, வந்ததை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, கடைசியில் டிஸ்க் என்ன சொன்னது, இவ்வளவும் அதில் இருக்கும். அந்தப் பதிவின் வடிவத்தை வகுத்தவன் என் தம்பி. இருபது வருடமாக அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறான்.

“அப்போ நோயாளி கையில நாங்க கட்டற அடையாளப் பட்டை மாதிரி” என்றேன்.

“இல்ல.”

“சரி, மருந்துச் சீட்டு.”

“சீட்டுன்னே வச்சுக்கோ. ஒரு நொடியில லட்சம் சீட்டு எழுதி லட்சம் சீட்டக் கிழிக்கணும். அதுல ஒரு பைட் இடம் அதிகமானாலும் லட்சம் தடவை அதிகம். முடியுமா உங்க ஆஸ்பத்திரியில?”

“முடியாது.”

“அப்போ மாதிரி, மாதிரின்னு சொல்லாத. ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி சொல்றாங்க, ஒண்ணும் பொருந்தல.”

கைவலியோடு அவனுக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. ஒரு கம்பெனியின் புது டிஸ்க்குகள் தம்பியின் குழு பார்த்துக்கொள்ளும் கெர்னலில் திடீர் திடீரென்று செத்துப்போவதாகப் புகார் வந்துகொண்டிருந்தது. கழற்றி வேறு இடத்தில் மாட்டினால் உயிரோடு இருக்கும். டிஸ்க்தான் கெட்டது என்று இவன் அந்தக் கம்பெனியின் பொறியாளருக்கு நாலு மாதமாகச் சூடாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அவரும் விடாமல் பதில் எழுதினார்.

ஒரு மத்தியானம் அவனுக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை கணினியின் அம்புக்குறி விசையில். கெர்னலுக்கும் டிஸ்க்குக்கும் நடந்த பேச்சு முழுவதும் திரையில் எண்களாக ஓடியது.

“நிறுத்து. மேல போ. இன்னும் மேல.”

“வாயில இருக்கிறத முழுங்கிட்டுச் சொல்லு.”

அவன் முழுங்கவில்லை. திரையையே பார்த்தான். சூப் தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

“அது சொன்னதயே அதுகிட்டத் திருப்பிச் சொல்லியிருக்கோம்” என்றான்.

பிறகு விளங்கச் சொன்னான். இளவயதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறான். பதிவில் கட்டளைக்கு ஓர் இடம், டிஸ்க் சொல்லும் பதிலின் விவரத்துக்கு ஓர் இடம் என்று இரண்டு வேண்டும். பதில் வந்துவிட்டால் கேள்வி எதற்கு? கேள்வி இருந்த இடத்திலேயே பதிலை எழுதிக்கொள்ளட்டும் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டான். பதினாறு பைட் மிச்சம். அதற்காக அந்தக் காலத்தில் கைதட்டல் வாங்கியிருக்கிறான்.

ஆனால் டிஸ்க் சில நேரம் ‘இப்போது முடியாது, கொஞ்சம் பொறுத்துக் கேள்’ என்று சொல்லும். பழைய டிஸ்க்குகள் அதை விவரமில்லாமல் சொல்லிவிட்டுப் போகும், கட்டளை அழியாது. புது டிஸ்க்குகள் ஏன் முடியாது என்ற விவரத்தையும் சேர்த்து அனுப்பின. அது கட்டளைமேல் போய் உட்கார்ந்தது. கெர்னல் பொறுத்திருந்து, அந்த இடத்தில் இருப்பதுதான் கட்டளை என்று நம்பி, டிஸ்க்கின் வார்த்தையையே டிஸ்க்குக்கு உத்தரவாக அனுப்பியது. ‘புரியவில்லை’ என்றது டிஸ்க். புத்தி பேதலித்துவிட்டது என்று கெர்னல் அதை ஒதுக்கி வைத்துவிட்டது.

“நல்ல டிஸ்க்க நாமளே செத்துப்போச்சுன்னு அறிவிச்சிருக்கோம். ஒரே விஷயத்த ரெண்டு டிஸ்க்குல ஜோடியா வச்சிருப்பாங்க; ரெண்டயும் அறிவிச்சா தூக்கிப் போட்டுடுவாங்க, உள்ள இருக்கிறதெல்லாம் போச்சு.”

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கெர்னலின் அடுத்த வெளியீட்டுக்கான கதவு மூடும். அதற்குள் திருத்தம் உள்ளே போகாவிட்டால் இந்தப் பிழையோடுதான் அது எல்லா ஊருக்கும் போகும், போன இடத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். அவன் தன் இரண்டு மாவுக்கட்டுகளையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அக்கா, உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா?”

இரண்டு ஆள்காட்டி விரலால் அடிப்பேன். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘செமிகோலன்’ என்பான், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போயிருப்பான். “காலால நானே அடிச்சிருப்பேன்” என்றான். “அடி, கால் உடையல” என்றேன். கட்டளைக்குத் தனி இடம், பதிலுக்குத் தனி இடம். திருத்தம் அவ்வளவுதான். கூட அனுப்பும் விளக்கத்தில், ‘புதிய டிஸ்க்குகளின் விசித்திரமான போக்கைச் சமாளிக்க’ என்று சொன்னான். அடித்தேன். விசித்திரம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அனுப்பியதும் திரும்பி வந்தது. கெர்னலில் டிஸ்க் வேலையைப் பார்க்கும் பகுதிக்கு வரும் திருத்தங்களை எல்லாம் பார்த்து உள்ளே விடுபவர் ஒருவர் இருக்கிறார், இவர்கள் கதவுக்காரர் என்கிறார்கள். அவர் வரைக்கும்கூடப் போகவில்லை; அவருடைய இயந்திரமே தள்ளிவிட்டது. வரியின் தொடக்கத்தில் டேப் விசை ஒரு முறை தட்டியிருக்க வேண்டுமாம், நான் இடைவெளி விசையை எட்டு முறை தட்டியிருந்தேன்.

“பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு?”

“உள்ள வேற.”

“கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்கும் கண்ணுக்குத் தெரியாத இன்னொண்ணுக்கும் என்னடா வித்தியாசம்? இதுக்குச் சம்பளம் வேற.”

ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடித்தேன். பொழுது போய்விட்டது. கழுத்து பிடித்துக்கொண்டது, அவனுக்குத் தேய்க்க வைத்திருந்த தைலத்தை நான் தேய்த்துக்கொண்டேன்.

மறுநாள் கதவுக்காரரே எழுதினார். பதிவு பதினாறு பைட் பெருத்துவிட்டது, எல்லாக் கணினியிலும் எல்லாக் கட்டளையும் மெதுவாகும், இப்படி ஏற்க முடியாது. கீழே பழைய கடிதம் ஒன்றை ஒட்டியிருந்தார். சத்தமாகப் படித்தேன்.

“‘இந்தப் பதிவில் இனி ஒரு பைட்டுக்கும் இடமில்லை. வேறு வழி தேடுங்கள். தேடத் தெரியாவிட்டால் வேறு வேலை தேடுங்கள்.’ யாருடா இது, இவ்வளவு திமிரா எழுதியிருக்கான்?”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். இன்னும் கீழே போனேன். எழுதியவன் பெயர் இருந்தது. எங்கள் அப்பா வைத்த பெயர்.

வியாழக்கிழமை முழுவதும் அவன் முறைத்துக்கொண்டே கிடந்தான். சாப்பாடு வேண்டாம் என்றான். கொடுத்தேன், சாப்பிட்டான். பதிவிலிருந்து எதையாவது எடுத்தால்தான் பதினாறு பைட் கிடைக்கும். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து ‘அத எடுக்க முடியாது, அதயும் முடியாது’ என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். கடைசியில் எடுக்கக்கூடியது ஒன்றுதான் மிஞ்சியது. ஒவ்வொரு கட்டளையும் எப்போது கிளம்பியது, எப்போது முடிந்தது என்ற இரண்டு நேரங்கள், தலா எட்டு பைட். அவற்றைச் சேர்க்கச் சொன்னவர் அவனுடைய குழுத் தலைவர். எடுக்க அவர் சம்மதம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அவர் கிடைத்தார். போனை அவன் வாய்க்கு நேரே பிடித்தேன். தலைவர் இவனைவிட வயதில் சின்னவர். மரியாதையாக ‘சார்’ போட்டே ஆளை மூலையில் உட்காரவைக்கும் ரகம்.

“சார், கை எப்படி இருக்கு?”

“இருக்கு. அந்த ரெண்டு நேரத்தயும் பதிவுலேருந்து எடுக்கணும்.”

“ஐயோ, என் கலர் வரைபடமே அத வச்சுத்தானே சார் ஓடுது! மாசாமாசம் மேலிடத்துக்குக் காட்டறேன். நம்ம வேலையில அவங்களுக்குப் புரியறது அது ஒண்ணுதான்.”

“எடுத்தாத்தான் இடம் கிடைக்கும்.”

“என்ன அவசரம்? தப்பு டிஸ்க் கம்பெனி மேலதான்னு நீங்கதானே நாலு மாசமா சொல்றீங்க. அவங்களே சரி பண்ணட்டும். அடுத்த வெளியீட்டுல பாத்துக்கலாம் சார்.”

தம்பி என்னைப் பார்த்தான். டாக்டர் வந்து நிற்கும்போது, தனக்குப் பதிலாக வேறு யாராவது சொல்லமாட்டார்களா என்று நோயாளிகள் இப்படித்தான் பார்ப்பார்கள். நான் சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

“எனக்குக் கை வலிக்குதுடா. பேசறதா இருந்தா பேசு.”

“தப்பு அவங்களோடது இல்ல” என்றான்.

“அப்புறம்?”

“என்னோடது. கேள்வியும் பதிலும் ஒரே இடத்துல இருக்கட்டும்னு வச்சது நான்.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்.”

முதல் தடவையே நன்றாகக் கேட்டிருக்கும். இருந்தாலும் கேட்டார். தம்பி கத்தினான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

தலைவர் இறங்கி வந்தார். “சரி, எடுத்துக்கோங்க. மேலிடத்துக்கு நான் வேற ஏதாவது கலர்ல காட்டிக்கறேன். ஆனா அந்தக் கம்பெனிக்கு நீங்கதான் எழுதறீங்க” என்றார்.

கதவு மூடுவதற்கு முன் அனுப்பினோம். டேப் எல்லாம் சரியாக இருந்தது. ‘விசித்திரமான போக்கை’ அழிக்கச் சொல்லி, ‘இது நான் வைத்த பிழை’ என்று அடிக்கச் சொன்னான். கதவுக்காரர் உடனே பதில் போட்டார்: ‘ஏற்கப்பட்டது. விளக்கத்தின் மூன்றாம் வரி அளவுக்குமேல் நீளம்.’

“பாராட்டா இது?” என்றேன்.

“அவர்கிட்டேருந்து வந்ததுல இதுதான் பெரிசு” என்றான். அப்படியும் முகம் தெளியவில்லை.

கம்பெனிப் பொறியாளருக்குக் கடிதம் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். முதலில் சொன்னது பக்கம் பக்கமாகப் போனது. பாதிக்குமேல் தன் கெட்டிக்காரத்தனத்துக்கு விளக்கம். அழிக்கச் சொன்னான். மறுபடி சொன்னான், மறுபடி அழிக்கச் சொன்னான். “மன்னிப்புன்னு போடணுமா அக்கா?” என்றான். “நான் டைப் அடிக்கிறவ” என்றேன். கடைசியில் நாலு வரி. மன்னிப்பு இருந்தது.

அடுத்த வாரம் பதில் வந்தபோது அவனுக்கு மாத்திரை நேரம். படித்துக் காட்டினேன். எழுதியதற்கு நன்றி என்று தொடங்கியிருந்தார். அப்புறம் இப்படி: ‘உங்கள் கடிதங்களைத் தாங்க முடியாமல், காத்திருக்கச் சொல்லும் பதிலோடு விவரம் அனுப்புவதைச் சென்ற மாதமே எங்கள் புதிய டிஸ்க்குகளில் நிறுத்திவிட்டோம். அந்த விவரத்தை நம்பியிருந்த வேறொரு வாடிக்கையாளரின் வேலை இப்போது நின்றுபோயிருக்கிறது. இனி அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். தங்கள் கைகள் விரைவில் குணமாகட்டும்.’

அவன் எழுந்து உட்கார்ந்தான். “நிறுத்திட்டாங்களா? அப்போ நான் திருத்தினது வேலை செய்யுதான்னு இப்ப வர டிஸ்க்குல சோதிச்சுப் பாக்கக்கூட முடியாதே! போன மாசத்துக்கு முந்தி வந்தது வேணும். அது எங்க கிடைக்கும்? எவன் வச்சிருப்பான்? எல்லாத்தயும் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்களே!”

வாய் திறந்துதான் இருந்தது. மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை நீட்டினேன்.