மேலாளர் அறையில் ஆடு

சித்தப்பா அந்த இடிந்த அறைக்குள் நுழையும் முன் இரண்டு முறை இருமுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அவர் வழிகாட்டி. கடலோரப் பாதையில் அவர் பின்னால் நடந்து வருபவர்கள், பழைய செம்புச் சுரங்கத்தில் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துத் தாங்களும் இருமுவார்கள்.

சித்தப்பா இருமியது ஆட்டுக்காக. சொல்லாமல் உள்ளே போனால் முட்டும்.

ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே நீலக் கடல். மறுபக்கம் புகைபோக்கி, இயந்திரக்கூடத்தின் மொட்டைச் சுவர்கள். அதற்குப் பின்னால் விழுந்து கிடந்த கற்களை எடுத்துச் சித்தப்பா தன் கையால் கட்டிய ஆட்டுக்கொட்டில்தான் அந்த அறை. தகரக் கூரையைக் காற்று பிடுங்கிக் கடலில் போட்டதும், உப்புக்காற்றில் அதற்கு நூறு வயது கூடிவிட்டது.

ஒருநாள் தொல்லியல் அதிகாரி அளவு டேப்போடு வந்தார்.

"இது மேலாளர் அறை. ஜன்னல் எவ்வளவு தாழ்வா இருக்கு பாருங்க! உட்கார்ந்தபடியே ஆளுங்களைக் கண்காணிச்சிருக்காரு."

ஆடு தலையை நீட்டித் தழை தின்பதற்காகச் சித்தப்பா விட்ட ஜன்னல் அது.

"அப்படியா சார்!" என்றார் சித்தப்பா.

"இந்தத் தொட்டி?"

"கை கழுவத்தான் சார்."

வேறென்ன சொல்வார்? இடிபாட்டில் கல் எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும். மறுவாரமே கம்பிவேலி, பூட்டு, 'மேலாளர் அறை' என்று பெயர்ப்பலகை. ஆடு சித்தியின் சமையலறைக்குக் குடிவந்தது.

"ஏங்க, எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"கொஞ்சம் பொறும்மா. வேற கொட்டில் கட்டித் தர்றேன்."

"கல்லுக்கு எங்க போவீங்க? இன்னொரு மேலாளரைக் கொண்டுவந்து நிறுத்தவா?"

சித்தப்பா கொட்டில் கட்டவில்லை, கதை கட்டினார். மேலாளருக்கு மீசை முளைத்தது, முன்கோபம் வந்தது, கடைசியில் மனைவி ஓடிப்போனாள்.

"இல்லாத பொண்டாட்டிக்கு இவ்வளவு கதை. இருக்கிறவளுக்கு நாலு சுவர் இல்ல," என்றாள் சித்தி, ஆட்டின் வாயிலிருந்து கைப்பிடித் துணியை இழுத்தபடி.

நான் கல்லூரியில் வரலாறு படித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். அந்தப் பலகையைப் பார்த்தபின், தேர்வில் நான் பக்கம் பக்கமாக எழுதியதில் எத்தனை ஆட்டுக்கொட்டில்கள் இருந்தனவோ என்று தூக்கம் கெட்டது. சித்தப்பாவிடமே கேட்டேன்.

"மார்க் போட்டாங்கல்ல? விடு."

போன வருடம் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். சுற்றுலா அலுவலகத்திலிருந்து மாலையோடு வந்தவர்கள், சுரங்க வரலாற்றுக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பற்றி நெகிழ்ந்து பேசினார்கள். சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். பேச்சு முடிந்ததும் சமையலறைக் கதவைத் திறந்து காட்டினாள். ஆடு அடுப்புத் திண்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. கீழே இரண்டு குட்டிகள்.

"எல்லாம் சரிதாங்க. கொட்டில் கட்டித் தராமப் போயிட்டாரே!"