அம்மாசியின் முகம் தெரிந்த காக்கை

அம்மாசி மந்தைவெளியில் எந்தத் தெருவில் வருகிறான் என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. காக்கைகளே சொல்லிவிடும். முதலில் ஒன்று தொண்டை கிழியக் கத்தும். அப்புறம் பத்து, இருபது. வேப்பமரத்திலிருந்தும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் கிளம்பி, அவன் சைக்கிளுக்கு மேலேயே கூட வரும். லைன்மேன் வந்தாச்சு, கரன்ட் போகப்போகிறது என்று பெண்கள் அவசர அவசரமாக மிக்ஸியைப் போடுவார்கள். அவர்களுக்கு அது சிரிப்பு. அம்மாசிக்குச் சிரிப்பு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அமாவாசையன்று பிறந்ததால் அம்மாசி. கரன்ட் ஆபீசில் பதினைந்து வருஷமாகக் கம்பம் ஏறுகிறவன். கால்வாய்க் கரையில், பறக்கும் ரயிலுக்காக எழும்பிக்கொண்டிருந்த தூண்களை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. பக்கத்து வீட்டில் அக்கா முனியம்மாள். அவன் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் மேல் காக்கைக்கு என்ன கோபம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், தன் தலையெழுத்து என்று சொல்லி மழுப்பிவிடுவான்.

தலையெழுத்தெல்லாம் இல்லை. காரணம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

சென்னைக் காக்கை கூடு கட்டுகிற லட்சணமே தனி. சுள்ளி அதற்குப் போதாது. கட்டுக்கம்பி, துணி மாட்டும் ஹேங்கர், உடைந்த சைக்கிள் ஸ்போக்ஸ், எது கிடைத்தாலும் கொண்டுபோய்க் கம்பத்து உச்சியில் செருகிவிடும். அதில் ஒரு கம்பி சரிந்து இரண்டு லைனைத் தொட்டால் போதும், தெருவே இருண்டுபோகும். அதனால் வெயில் காலம் வந்தால் கூடு கலைப்பதும் லைன்மேன் வேலைதான். அம்மாசியும் கணக்கில்லாமல் கலைத்திருக்கிறான். ஆனால் தொண்ணூறு முடிகிற சமயத்தில், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, அவன் மனைவி ஜானு உண்டானாள். பிள்ளைத்தாச்சியின் புருஷன் கூட்டைக் கலைக்கக் கூடாது. கால்வாய்க் கரையில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. ஜானு அவன் கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

அவனும் வார்த்தை தவறவில்லை. கூடு என்றால் கூட வேலை செய்யும் வலியுல்லா ஏறுவார். மூன்று பிள்ளை பெற்ற மனிதர் அவர். உன் நம்பிக்கை உனக்கு, தள்ளு என்று ஏணியைப் பிடுங்கிக்கொள்வார்.

தொண்ணூற்றொன்று வைகாசியில் ஒரு நாள் வலியுல்லா மச்சினன் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தார். பார்த்து அன்றைக்கா ஒரு கூடு சரிய வேண்டும்? ஒரு தெரு முழுக்கக் கரன்ட் இல்லை. நல்ல உச்சி வெயில். ஜனம் வாசலுக்கு வந்து நின்று அவன் தலையைத் தின்றது. ஒரு தாத்தா விசிறியை நீட்டி நீட்டித் திட்டினார். அம்மாசி ஏறினான்.

எட்டிப் பார்த்தபோது நாலு குஞ்சு. இறகு முளைக்காத உடம்பு, கண் திறக்கவில்லை. கம்பம் அதிர்ந்ததும் அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நாலும் ஒரே சமயத்தில் அவனைப் பார்த்து வாயைப் பிளந்தன. உள்ளே சிவப்பு. அதற்குமேல் அவன் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டைக் கம்பியோடு பிடித்து இழுத்துக் கீழே விட்டான். பக்கத்து வேப்பமரக் கிளையில் வைத்திருக்கலாம். வைத்திருக்கலாம் என்பது இறங்கிய பிறகுதான் தோன்றியது. அதற்குள் தாய்க் காக்கை அவன் மண்டையில் இரண்டு முறை அடித்துவிட்டது. அதன் வலது இறக்கையில் ஒரே ஒரு இறகு வெள்ளை. அப்போதே பார்த்து வைத்துக்கொண்டான்.

அது அவனை விடவில்லை. வீடு வரைக்கும் வந்தது. கூரை மேல் உட்கார்ந்து கத்து கத்தென்று கத்தியது. ஜானு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். காக்கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இன்னா பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ல. அது ஏதோ கத்திகினு கீது."

அவள் மறுபடி கேட்கவில்லை. அதுதான் அம்மாசியைக் கொன்றது. பன்னிரண்டாம் நாள், மாதம் நிறையுமுன்பே வலி எடுத்தது. ஏழு மாதத்துப் பிள்ளை தங்கவில்லை. ரத்தம் நிற்காமல் விடியற்காலையில் ஜானுவும் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் யாரும் குறை வைக்கவில்லை. டாக்டரம்மா ஏதேதோ காரணம் எடுத்துச் சொன்னார். அம்மாசி தலையாட்டினான், ஆனால் அவன் காதில் விழுந்தது ஜானுவின் கேள்வி மட்டும்தான்.

அதற்கப்புறம் அமாவாசைதோறும் கூரை விளிம்பில் ஜானுவுக்குப் படையல் வைத்தான். சோறு, சாம்பார், அவளுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல். காக்கை வாய் வைத்தால்தான் வீட்டில் சாப்பாடு. காக்கைகள் வரும், சுற்றி உட்காரும், அவனைப் பார்த்துக் கத்தும். இலையைத் தொடாது. பொழுது சாயும் வரை நின்று பார்த்துவிட்டு, சோற்றைக் கால்வாயில் போட்டுவிட்டு, பட்டினியாகப் படுத்துக்கொள்வான். ஜானுவுக்கு இன்னும் ஆறவில்லை என்று முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அக்கா வாயால் அதைக் கேட்டதும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஆறு வருஷத்தில் எத்தனை அமாவாசை! ஒன்றில்கூட ஒரு பருக்கை குறையவில்லை.

தொண்ணூற்றேழு ஆவணியில் நீரஜா டீச்சர் வீட்டில் ஃபியூஸ் போனது. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற அம்மாள். ஞாயிற்றுக்கிழமையானால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்குப் போய்க் கொக்கு எண்ணுகிறவர். அம்மாசி உள்ளே இருந்த அரை மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் அமர்க்களம் செய்தன. அவர் வேடிக்கை பார்க்காமல் விசாரித்தார். எந்தக் காக்கை முதலில் கத்துகிறது, எத்தனை வருஷமாக, என்ன நடந்தது என்று ஒன்றொன்றாகக் கேட்டார். அம்மாசி கூட்டைக் கலைத்ததைச் சொன்னான். சோற்றைத் தொடாததைச் சொன்னான். ஜானு கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

"காக்காய்க்கு மனுஷா மூஞ்சி மறக்கவே மறக்காது. அந்த வெள்ளை இறகை நானும் பார்த்திருக்கேன். அது கத்தறதைப் பார்த்துண்டே மத்ததும் கத்துக்கும், அதோட குஞ்சும் கத்துக்கும். உங்க மேல கோபம் அந்தக் காக்காய்க்குத்தான். வேற யாருக்கும் இல்லை."

அம்மாசி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான்.

"வேற யாருக்கும் இல்லியாம்மா?"

இல்லவே இல்லை என்றார் டீச்சர். வேண்டுமானால் முகத்தை மூடிக்கொண்டு சோறு வைத்துப் பார்க்கட்டும், தின்கிறதா இல்லையா பாருங்கள் என்றார். இன்னொரு வழியும் சொன்னார். வேளச்சேரிப் பக்கம் மாற்றல் கேட்டு, வீட்டையும் அங்கே மாற்றிக்கொண்டால் நிம்மதி. அங்கே இருக்கும் காக்கைக்கு அவன் யாரோ எவரோ. நல்ல மனசோடு சொன்னது. அன்றைக்கு அம்மாசி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ராத்திரி முழுக்கத் தூங்கினான். மறுநாளே மாற்றல் விண்ணப்பம் எழுதி, அமாவாசை கழித்துக் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மகாளய அமாவாசை வந்தது. முனியம்மாள் வடை சுட்டாள், வாழைக்காய் வறுத்தாள். அம்மாசி வேலைக்குப் போடும் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டி, கண் மட்டும் தெரியும்படி துண்டைச் சுற்றிக்கொண்டான். கொள்ளைக்காரன் மாதிரி இருக்கே என்று அக்கா சொன்னாள். ஏணி வைத்து ஏறிக் கூரை விளிம்பில் இலையைப் போட்டுவிட்டு, ஏணியிலேயே நின்றான்.

ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியே அவனுக்குப் புதிதாக இருந்தது. ரயில் தூணின் மேலிருந்து ஒரு காக்கை இறங்கியது. சாம்பல் கழுத்து. வலது இறக்கையில் வெள்ளை இறகு. தத்தித் தத்தி வந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. வறுவல் ஒன்றை எடுத்துக் காலில் அழுத்திக் கொத்தியது. அப்புறம் சோறு. அப்புறம் வடை. கை எட்டும் தூரத்தில் நின்ற அவனை ஒரு பார்வை பார்த்தது, முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை, மறுபடி குனிந்து தின்றது.

கீழே முனியம்மாள் ஜானு வந்துட்டா, ஜானு வந்துட்டா என்று அழுதாள்.

அம்மாசிக்கு அழுகை வரவில்லை. ஆறு வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தான். ஆனால் எதிரே தின்றுகொண்டிருப்பதற்கு அவன் யார் என்று தெரியாது. முகத்தை மூடிக்கொண்டு வந்த எவனோ ஒருவன் போட்ட சோறு. அன்றைக்கு ஒண்ணும் பண்ல என்று சொன்னானே, அதையேதான் இப்போது இந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு இன்னொரு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே போட்டான். துண்டை அவிழ்த்தான்.

காக்கை நிமிர்ந்தது. அலகிலிருந்த சோறு இலையில் விழுந்தது.

"கூட்டைக் கலைச்சிட்டேன் ஜானு," என்றான் அம்மாசி. "நாலு குஞ்சு இருந்துச்சு. நான்தான் கலைச்சேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

காக்கை கத்தியது. தூணிலிருந்தும் மரத்திலிருந்தும் கூட்டமாகக் கிளம்பி வந்து அவன் தலையிலும் தோளிலும் அடித்தன. வழக்கமாகக் கையை வீசித் தலையை மறைத்துக்கொள்கிறவன் அன்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி நின்றான். அவை ஓய்ந்து போன பிறகுதான் இறங்கினான்.

நெற்றியில் ரத்தம் வழிந்தது. முனியம்மாள் மஞ்சளை அப்பினாள். பாதிக்கு மேல் காலியான இலையைக் காட்டி, ஜானு சாப்பிட்டாச்சு, இனி நீ உட்கார் என்று தட்டை வைத்தாள்.

"அது யாரோ வெச்ச சோறுக்கா," என்றான் அம்மாசி. "என் கையால இன்னும் துண்ல."

தட்டை நகர்த்தி வைத்தான். சட்டைப் பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து, அணையப்போகும் அடுப்பில் போட்டான்.