முப்பத்தெட்டு ஜார்களும் ஜாடிக்காரியும்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எனக்கு எதிர் மேஜைக்காரிக்கு நான் வைத்த பெயர் ஜாடிக்காரி. எங்கள் மென்பொருள் ஜாவாவில் எழுதியது. அதில் பாதி வேலையை முன்பின் தெரியாத யாரோ எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்த லைப்ரரிகள்தான் செய்கின்றன. ஒவ்வொரு லைப்ரரியும் ஜார், அதாவது ஜாடி, என்ற ஒரு கோப்பாக வரும். அப்படி எங்களிடம் முப்பத்தெட்டு. மற்றவர்கள் இறக்கிப் போட்டதோடு மறந்துவிடுவோம். இவள் ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது, யார் எழுதியது, எதற்கு எழுதினார் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். "கடைக்குப் போனாலும் இப்படித்தான் ஆன்ட்டி, பாக்கெட் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தெல்லாம் படிச்சு முடிக்கிற வரைக்கும் நகர மாட்டாங்க" என்று அவள் மகள் என்னிடம் அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

பன்னிரண்டு வருடம் இதே மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தக் குழாய்களோடு மல்லுக்கட்டியவள். முப்பத்து நாலு வயதில் மாலை வகுப்பில் ஜாவா படித்துவிட்டு எங்கள் அறைக்கு வந்தாள். எனக்கும் அதே வயது, ஆனால் நான் முறையாகப் பட்டம் வாங்கியவள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. போதாக்குறைக்கு மூக்குக்கு மேல் கோபம் வேறு. ஒன்பது வருடமாக என்னோடு குப்பை கொட்டுகிறாள் என்றால் அவள் பொறுமையைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த வருடம் மென்பொருளை மாட்யூல்கள் என்ற தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். முன்பெல்லாம் எல்லா ஜார்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டால் போதும். ஜாவா தேடிப் பிடித்துக்கொள்ளும். மாட்யூல் முறையில் அந்தச் சலுகை இல்லை. யாருக்கு யார் தேவை என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். இரண்டு ஜார்கள் ஒரே பெயருள்ள பேக்கேஜை, அதாவது நிரல் துண்டுகளின் தொகுப்பை, கொண்டுவந்தால், நிரல் கிளம்பவே கிளம்பாது.

புதியதை ஆறு வார்டுகளிலும் ஏற்றுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, எங்களுடையதும் கிளம்பவில்லை. ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும் லைப்ரரியிலும், குழந்தைகளின் பதிவு எண்ணைச் சரிபார்க்கும் லைப்ரரியிலும் ஒரே பேக்கேஜ் இருக்கிறதாம்.

"ஒன்பது வருஷமா ஓடுச்சு, இப்ப என்ன கொழுப்பு இதுக்கு?" என்று கத்தினேன். பழைய முறையிலேயே இந்த இரண்டையும் ஓட விடுவதற்கான வரியைத் தட்டியும் விட்டேன்.

ஜாடிக்காரி எழுந்து வந்து என் திரையைப் பார்த்தாள். "இரு. இவ்வளவு நாளா ரெண்டுல எது ஓடிட்டு இருந்துச்சு?"

"எதுவா இருந்தா என்னடி? வேலை நடந்துச்சுல்ல?"

"எதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. யாருக்குமே தெரியாது. 

இரண்டு ஜார்களையும் திறந்தாள். லேபிள் லைப்ரரியை எழுதியவர், எண் லைப்ரரியின் பழைய பிரதி ஒன்றைத் தன் மூட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார். பதிவு எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல். முந்தைய இலக்கங்களில் ஒன்றைத் தவறாகத் தட்டினாலும் அதை வைத்து நிரல் கண்டுபிடித்துவிடும். பழைய பிரதியில் அந்தச் சோதனையே எழுதப்படவில்லை; கடைசி இலக்கத்தைக் கழித்துவிட்டு மற்றவற்றை மட்டும் பார்த்துக் குழந்தையைத் தேடும். ஃபோல்டரில் எது முதலில் அகப்படுகிறதோ அதைத்தான் ஜாவா எடுக்கும். எது அகப்படும் என்பது ஒவ்வொரு கணினிக்கும் மாறும்.

அவள் வார்டு வார்டாக நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஒவ்வொரு கணினியிலும் வேண்டுமென்றே தவறான எண்ணைத் தட்டினாள். ஐந்து இடங்களில் திரை சிவந்து மறுத்தது. பச்சிளம் குழந்தைகள் வார்டில் மட்டும் கணினி மறுபேச்சில்லாமல் லேபிளை நீட்டியது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்தக் கணினி எப்போது வந்தது என்று அங்கிருந்த நர்ஸைக் கேட்டாள். அந்தக் கணினி வைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

"அப்படின்னா ஒரு குழந்தையோட ரத்தம் இன்னொரு குழந்தை பேர்ல போயிருக்கலாம்" என்றாள்.

ஏழு வாரத்தில் அறுநூற்றுப் பதினான்கு குழந்தைகள். ஒரே நாளில் இரண்டு மாதிரிகள் பதிவான குழந்தை உண்டா, ஒன்றுமே பதிவாகாத குழந்தை உண்டா என்று தேட உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. இரண்டரை மணிக்குக் கையை உயர்த்தினாள். ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு தைராய்டு முடிவுகள். ஒன்று சரி, ஒன்று மோசம். திரும்பச் சோதித்துப் பார்த்து, சரியாக வந்ததால் 'ஆய்வகப் பிழை' என்று எழுதி மூடியிருந்தார்கள். கடைசிக் காவல் இலக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தக் குழந்தையின் எண்ணோடு ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறியிருந்த ஓர் ஆண் குழந்தைக்கு முடிவே இல்லை. ஏதாவது இருந்தால் கூப்பிடுவோம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது அவனுக்குப் பதினாறு நாள் வயது.

 என் பட்டம், திமிர் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவளை நான் எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்!

வார்டிலிருந்து யாராவது தாய்க்கு ஃபோன் போட்டால் போதும் என்றார் எங்கள் மேலாளர். அவள் கேட்கவில்லை. குழந்தை மருத்துவரிடம் நேரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் அழைத்து நாலு மணிக்குக் குழந்தையோடு வந்த தாய், வராந்தாவே அதிரும்படி சத்தம் போட்டாள். ஜாடிக்காரி முழுவதையும் கேட்டாள். "தப்பு எங்களுதுதாம்மா" என்றாள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குழாயில் ஒட்டிய எண்ணை அவளே இரண்டு முறை உரக்கப் படித்துச் சரிபார்த்தாள்.

ஆறு மணிக்கு முடிவு வந்தது. மோசம்தான். மருத்துவர் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் விதத்தைத் தாய்க்குக் காட்டிவிட்டு, "நல்ல வேளை. ஒரு மாசம் போயிருந்தா மூளை வளர்ச்சி பாதிச்சிருக்கும். இப்ப ஆரம்பிச்சுட்டோம், பெரும்பாலும் பயமில்ல" என்றார்.

 தாய் ஜாடிக்காரியைப் பார்த்தாள். "இதை யாரு கண்டுபிடிச்சது? நீங்களா?"

"நிரல் கிளம்ப மாட்டேன்னு அடம் புடிச்சுதும்மா" என்றாள் அவள். "ஏன்னு கேட்டேன், அவ்வளவுதான்."